உறவைச் சுமந்த தண்டவாளம்

ராஜஸ்தானின் மேற்குக் கோடியில் இருக்கிறது பார்மேர். அங்கிருந்து இன்னும் மேற்கே போக ஒரே ஒரு ரயில் பாதைதான் உண்டு. சுமார் 120 கிலோமீட்டர் மணலுக்குள் ஓடி, முனாபாவ் என்ற சின்ன ஸ்டேஷனில் இந்திய ரயில் நின்றுவிடும். அதற்கு அப்பாலும் தண்டவாளம் போகிறது. எல்லைக் கம்பிவேலியில் ஒரு கதவு, கதவுக்கு அந்தப் பக்கம் பாகிஸ்தானின் ‘ஜீரோ பாயின்ட்’ ஸ்டேஷன், அடுத்து கோக்ராபார், மீர்பூர் காஸ், ஹைதராபாத், கராச்சி. பாதை அறுபடவில்லை. அதன்மேல் ஓடிய தார் எக்ஸ்பிரஸைத்தான் 2019 ஆகஸ்டில் நிறுத்திவிட்டார்கள்.

குளிர்காலத்தில் அந்தப் பாதையில் போனேன். பாசஞ்சர் வண்டியில் கூட்டம் அதிகமில்லை. வண்ண முண்டாசு கட்டிய பெரியவர்கள், தோள் வரைக்கும் வெள்ளை வளையல் அடுக்கிய பெண்கள், பார்மேர் சந்தையில் வாங்கிய சாமான் மூட்டைகள். எதிரே இருந்தவர் போர்த்தியிருந்த துணியிலிருந்து கண்ணை எடுக்க முடியவில்லை. கருநீலமும் செம்மண் சிவப்பும் கலந்த அஜ்ரக். மரக்கட்டை அச்சில் கட்டம் கட்டமாக நட்சத்திரமும் பூவும் பதித்த துணி அது. விளக்கெண்ணெயிலும் ஒட்டகச் சாணத்திலும் ஊறவைத்து அலசி, சுண்ணாம்பும் பிசினும் குழைத்து அச்சிட்டு, அவுரியில் முக்கி, மறுபடி அலசி, மஞ்சிட்டியில் காய்ச்சி எடுப்பார்கள். கறுப்புக்குத் துருப்பிடித்த இரும்பை வெல்லத் தண்ணீரில் போட்டுப் புளிக்க வைப்பார்கள். பார்மேரில் இதைச் செய்கிற கத்ரிகளின் மூதாதையர் சிந்துவிலிருந்து வந்தவர்கள். எதிரே இருந்தவரின் போர்வை எல்லையின் எந்தப் பக்கம் சாயம் ஏறியது என்று பார்த்துச் சொல்ல முடியாது.

ஜன்னலுக்கு வெளியே மணல்மேடுகளும் எருக்கம் புதர்களும் மாறி மாறி வந்தன. இடையிடையே வன்னி மரம். நம் ஊரில் கோயில் தலமரமாகச் சுற்றி வந்து கும்பிடுகிற அதே வன்னியை இங்கே கேஜ்ரி என்கிறார்கள். ராஜஸ்தானின் மாநில மரமும் அதுதான். குளிர்காலத்தில் கிளைகளைக் கழித்து இலையை ஆட்டுக்கும் ஒட்டகத்துக்கும் போடுகிறார்கள். காய்க்கும் காலத்தில் காயை உலர்த்தி வைத்து ஆண்டு முழுதும் கறி சமைக்கிறார்கள். வழியெல்லாம் மொட்டையடித்த தலையோடு நின்ற வன்னிகள், பங்குனி சித்திரைக்குள் மறுபடி தழைத்துவிடும் என்றார் பக்கத்து இருக்கைக்காரர்.

வீடுகள் தள்ளித் தள்ளி இருந்தன. ஒவ்வொரு வீட்டுக்கும் பக்கத்தில் தரையோடு தரையாக ஒரு வட்ட மேடை. அது டாங்கா என்கிற நிலத்தடித் தண்ணீர்த் தொட்டி. அதைச் சுற்றி நிலத்தைச் சரிவாக அடித்துக் கெட்டிப்படுத்தியிருப்பார்கள். ஆண்டில் சில முறையே பெய்கிற மழை, சரிவில் வழிந்து, தொட்டியின் இடுப்பில் விட்ட சின்னத் துவாரங்கள் வழியாக உள்ளே இறங்கும். மூடிக்குப் பூட்டு. வீட்டுக்குப் பூட்டில்லாத கிராமத்தில்கூட டாங்காவுக்குப் பூட்டு உண்டு. இந்த மண்ணில் சொத்து என்றால் முதலில் தண்ணீர்தான்.

வெயிலேறும் நேரத்தில் கட்ரா ரோடு ஸ்டேஷனில் இறங்கினேன். எல்லையோரப் பகுதி என்பதால் வெளியாட்கள் கண்டபடி சுற்றிவிட முடியாது. போகும் இடத்துக்கெல்லாம் முன்கூட்டியே அனுமதி வாங்கிக்கொண்டு, அடையாள அட்டையைக் கையிலேயே வைத்திருக்க வேண்டும். கடைவீதி சின்னது. மிட்டாய்க் கடைகளில் லட்டு மலையாகக் குவிந்திருந்தது. கட்ரா லட்டு பார்மேர் வட்டாரம் முழுதும் பேர் போனது.

இந்த ஊரின் கதையே பிரிவினையின் கதை. கட்ரா என்பது பழைய வணிக ஊர். அந்த ஊருக்குப் போகிறவர்கள் இறங்குவதற்காக, சில கிலோமீட்டர் தள்ளி ரயில்வே வைத்த ஸ்டேஷன்தான் கட்ரா ரோடு. 1947-ல் ஜோத்பூர் சமஸ்தானத்துக்கும் சிந்து மாகாணத்துக்கும் நடுவில் இருந்த பழைய எல்லையே இரண்டு நாடுகளின் எல்லையானது. ஊர் பாகிஸ்தானில் நின்றது, ஸ்டேஷன் இந்தியாவில் நின்றது. அந்த ஊரிலிருந்து கிளம்பி வந்த வியாபாரிகளும் கைவினைஞர்களும் ஸ்டேஷனைச் சுற்றியே குடியேறினார்கள். இன்று நான் நடந்த கடைவீதி அப்படி முளைத்ததுதான். பழைய ஊரில் லட்டு பிடித்தவர்களின் கைப்பக்குவமும் அவர்களோடு வந்துவிட்டது.

டீக்கடையில் ஒரு பெரியவர் உட்கார்ந்திருந்தார். கடைக்காரர் அவரை ‘ஹுகும்’ என்று அழைத்தார். ராஜபுத்திரப் பெரியவர்களை இங்கே அப்படித்தான் மரியாதையாக அழைக்கிறார்கள். நானும் அப்படியே அழைத்தேன். தமிழ்நாட்டிலிருந்து முனாபாவ் பார்க்க வந்திருக்கிறேன் என்றதும் அவருக்கு ஆச்சரியம்.

“அங்கே பார்க்க என்ன இருக்கிறது? வண்டி வந்த காலத்தில் வந்திருக்க வேண்டும்” என்றார். “என் அக்காவை அமர்கோட் பக்கம் கொடுத்திருக்கிறோம். வண்டி ஓடியபோது அவள் பிறந்த வீட்டுக்கு வந்து போனாள். இப்போது போனில் முகம் பார்க்கிறோம்.”

“கடைசியாக எப்போது வந்தார்கள், ஹுகும்?”

“என் மகன் கல்யாணத்துக்கு. பேரன் பிறந்ததற்கு வர முடியவில்லை. வண்டி நின்றுவிட்டது.”

வெளியூர்க்காரருக்கு இது ஒரு குடும்பத்தின் சோகமாகத் தெரியலாம். இந்தப் பகுதிக்கோ அது வாழ்க்கை முறை. எல்லைக்கு அந்தப் பக்கம் உமர்கோட், தார்பார்க்கர் மாவட்டங்களில் வாழ்கிற ராஜபுத்திரர்களில் பெரும்பாலோர் சோதா குலத்தார். ஒரே குலத்துக்குள் பெண் எடுப்பதோ கொடுப்பதோ வழக்கமில்லை. அதனால் தலைமுறை தலைமுறையாக சோதாக்கள் பார்மேர், ஜெய்சல்மேர், ஜோத்பூர் பக்கத்து ராத்தோர், பாட்டி குலங்களில்தான் சம்பந்தம் செய்துவந்திருக்கிறார்கள். உமர்கோட் ராணா குடும்பத்திலிருந்து 2015-ல்கூட ஜெய்ப்பூருக்கு அருகிலுள்ள கானோத்தாவுக்கு மாப்பிள்ளை ஊர்வலம் வந்தது. அந்தக் குடும்பத்தின் ராணா சந்திர சிங் பாகிஸ்தானில் மத்திய அமைச்சராக இருந்தவர். அக்பர் 1542-ல் பிறந்ததும் அதே உமர்கோட்டில்தான். உள்ளூரில் இன்னும் அமர்கோட் என்கிறார்கள். முனாபாவிலிருந்து நேர்கோட்டில் பார்த்தால் நூறு கிலோமீட்டருக்குள் அடங்கும் ஊர்.

ரயில் இந்த உறவுக்காக வந்ததல்ல. ஆங்கிலேயர் காலத்தில் ஜோத்பூர் ரயில்வே, லூணியிலிருந்து பார்மேர் வழியாகப் பாதை போட்டு, 1900-ஐ ஒட்டிய ஆண்டுகளில் சிந்துவின் ஹைதராபாத்தோடு மீட்டர் கேஜில் இணைத்தது. சரக்குக்கும் பஞ்ச காலத்துத் தானியத்துக்கும் பயன்பட்ட பாதையில் சிந்து மெயில் ஓடியது. ஒட்டகத்தில் பல நாள் போன கல்யாண ஊர்வலங்கள் ரயிலேறின. பிரிவினையின்போது சிந்துவின் இந்துக்கள் ஆயிரக்கணக்கில் இந்த வழியாக மார்வார் என்கிற ஜோத்பூர் பகுதிக்கு வந்தார்கள். வட இந்திய முஸ்லிம்கள் இதே வழியாக அந்தப் பக்கம் போனார்கள். கராச்சியில் குடியேறிய எத்தனையோ குடும்பங்களுக்கு, பாகிஸ்தான் மண்ணில் கால் வைத்த முதல் இடம் கோக்ராபார்.

பிரிவினைக்குப் பிறகும் ரயில் நிற்கவில்லை என்பதைத்தான் நாம் மறந்துவிட்டோம். 1965 செப்டம்பரில் போர் வந்தபோதுதான் நின்றது. அந்தப் போரில் இந்தியப் படை கட்ரா நகரைப் பிடித்தது, பாகிஸ்தான் படை முனாபாவ் ஸ்டேஷனைப் பிடித்தது. தாஷ்கண்ட் உடன்பாட்டுக்குப் பிறகு அவரவர் இடம் அவரவருக்குத் திரும்பியது. போரின்போது இந்தியப் படைகளுக்குச் சாமான் கொண்டுபோன ரயில்வேக்காரர்கள் மேல் கட்ரா ரோடு அருகே பாகிஸ்தான் விமானங்கள் குண்டு வீசின. 17 ரயில்வே ஊழியர்கள் இறந்தார்கள். அவர்களுக்கு இங்கே நினைவிடம் இருக்கிறது. ஒவ்வொரு செப்டம்பர் 9-ம் தேதியும் ரயில்வேத் தொழிலாளர்கள் கூடி மலர் வைக்கிறார்கள். பாதை பராமரித்தவர், எஞ்சின் ஓட்டியவர் என எல்லோரும் சாதாரணத் தொழிலாளிகள். துப்பாக்கி பிடிக்காத அந்த மனிதர்கள், குண்டு விழும் என்று தெரிந்தும் வண்டியை விட்டு இறங்கவில்லை. அந்த நினைவிடத்தின் முன் கொஞ்ச நேரம் நின்று கைகூப்பிவிட்டுத்தான் கிளம்பினேன்.

தமிழ்நாட்டிலிருந்து போகிறவருக்கு இந்த இடத்தில் தனுஷ்கோடி நினைவுக்கு வரும். 1914 முதல் போட் மெயிலில் ஏறி தனுஷ்கோடியில் இறங்கி, கப்பலில் தலைமன்னார் போய், மறுபடி ரயிலேறிக் கொழும்பு போனார்கள் நம் பாட்டன்மார். 1964 டிசம்பர் புயல் அந்தத் தண்டவாளத்தை விழுங்கியது. ஒன்பது மாதத்துக்குள் இந்தப் பாலைவனப் பாதையைப் போர் அறுத்தது. ராமேஸ்வரத்திலிருந்து கப்பலாவது அதற்குப் பிறகு சில காலம் போய்வந்தது. இங்கே 41 ஆண்டுகளுக்கு ஒன்றுமில்லை.

அந்த 41 ஆண்டுகளில்தான் 1971 போரும் நடந்தது. இந்திய ராணுவம் இந்தப் பாதையை ஒட்டி சிந்துவுக்குள் வெகுதூரம் முன்னேறியது. ஜெய்ப்பூர் அரச குடும்பத்தின் பவானி சிங் தலைமையில் பாரா கமாண்டோக்கள் அங்குள்ள சாச்ரோ ஊரைத் தாக்கிப் பிடித்தார்கள். போர் முடிந்து, சிம்லா உடன்பாட்டுப்படி நிலம் பாகிஸ்தானுக்குத் திரும்பியது. அந்த நிலத்திலிருந்து வந்த பல்லாயிரம் இந்துக்கள் திரும்பவில்லை. பார்மேர் முகாம்களில் ஆண்டுக்கணக்கில் இருந்து இங்கேயே வேரூன்றினார்கள். ஆக ஒவ்வொரு போரும் இந்தப் பக்கத்துக்கும் அந்தப் பக்கத்துக்கும் இன்னும் கொஞ்சம் சொந்தங்களைக் கூட்டிவிட்டுத்தான் போயிருக்கிறது.

மறுநாள் முனாபாவ் போனேன். சிறு கிராமத்துக்குச் சற்றும் பொருந்தாத பெரிய ஸ்டேஷன். குடியேற்றச் சோதனைக்கும் சுங்கச் சோதனைக்கும் தனித்தனிக் கூடங்கள், வரிசையாகக் கவுன்ட்டர்கள், நீண்ட பிளாட்பாரம். தரையைக் கூட்டித்தான் வைத்திருக்கிறார்கள், ஆனாலும் மணல் கதவிடுக்கில் புகுந்து கவுன்ட்டர் கண்ணாடிகளின் அடியில் மெல்லிய கோடாகப் படிந்திருந்தது. பிளாட்பாரத்தின் மேற்கு முனையில் நின்றால் தண்டவாளம் நேராகப் போவது தெரிகிறது. கம்பிவேலியும் விளக்குக் கம்பங்களும் வரிசையாக நிற்கின்றன. காவலுக்கு நின்ற எல்லைப் பாதுகாப்புப் படை வீரர், அதற்குமேல் நடக்க அனுமதியில்லை என்று தன்மையாகச் சொன்னார்.

2006 பிப்ரவரி 18-ம் தேதி இந்த வழி மறுபடி திறந்தது. அதற்குச் சில நாள் முன்னால், அப்போது பார்மேர் மாவட்டத்தில் இருந்த ஜசோலில் பிறந்தவரும் முன்னாள் வெளியுறவு அமைச்சருமான ஜஸ்வந்த் சிங், பலுசிஸ்தானிலுள்ள ஹிங்லாஜ் மாதா கோயிலுக்கு ஒரு குழுவோடு முனாபாவ் வழியாகவே போய்வந்தார். பழைய மீட்டர் கேஜ் இருபுறமும் அகலப்பாதையாக மாறியிருந்தது. வாரம் ஒரு வண்டி. ஜோத்பூரின் பகத் கீ கோட்டி ஸ்டேஷனில் வெள்ளிக்கிழமை நள்ளிரவு தாண்டிக் கிளம்பினால் காலையில் முனாபாவ். மூட்டை முடிச்சோடு எல்லோரும் இறங்கி, பாஸ்போர்ட் முத்திரை, சாமான் சோதனை எல்லாம் முடித்து மறுபடி ஏற வேண்டும். கம்பிவேலிக் கதவு திறக்கும். வீரர்கள் காவலோடு வண்டி ஊர்ந்து எல்லையைக் கடக்கும். ஜீரோ பாயின்ட்டில் அந்தப் பக்கத்துச் சோதனை. அங்கிருந்து கராச்சிக்கு வேறு வண்டி. எல்லையைக் கடக்கும் அந்தச் சிறு துண்டுப் பாதையில் ஆறு மாதம் இந்தியப் பெட்டிகளும் ஆறு மாதம் பாகிஸ்தான் பெட்டிகளும் ஓடும் என்று ஏற்பாடு.

அந்த ஆண்டு ஆகஸ்டிலேயே வெள்ளம் வந்தது. பாலைவனத்தில் வெள்ளமா என்று கேட்கலாம். பார்மேரின் கவாஸ் பகுதியில் மண்ணுக்கடியில் ஜிப்சம் படுகை இருப்பதால் தண்ணீர் கீழே இறங்க வழியில்லாமல் வாரக்கணக்கில் தேங்கியது. நூற்றுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். தண்டவாளம் அரித்துப்போய் தார் எக்ஸ்பிரஸும் சில மாதம் நின்றது. சீர்செய்து மறுபடி ஓட்டினார்கள். செய்ய வேண்டும் என்ற எண்ணம் இருந்தவரை எல்லாமே நடந்தது.

யார் யார் வந்தார்கள்? பிறந்த வீடு பார்க்க வந்த மகள்கள். கங்கையில் கரைக்கப் பெற்றோரின் அஸ்தியைக் கலயத்தில் கட்டிக்கொண்டு ஹரித்வார் கிளம்பிய சிந்துவின் இந்துக்கள். அஜ்மீர் தர்காவுக்கும் உத்தரப் பிரதேசத்து உறவினர் வீட்டுக்கும் வந்த கராச்சி முஸ்லிம்கள்; திரும்பும்போது அவர்கள் பையில் வெற்றிலைக் கட்டு இருக்கும். திரும்பாதவர்களும் உண்டு. சிந்துவில் நிலமில்லாத கூலிகளாக இருந்த பீல், மேக்வால் குடும்பங்கள் யாத்திரை விசாவில் வந்து ஜோத்பூரின் வெளிப்புறத்தில் குடிசை போட்டார்கள். குடியுரிமைக்காகப் பல ஆண்டு அலைந்தார்கள், இன்னும் அலைகிறார்கள். 13 ஆண்டுகளில் லட்சக்கணக்கானோர் இந்தக் கூடத்தின் வழியாகப் போய்வந்திருக்கிறார்கள். மும்பைத் தாக்குதல் நடந்த 2008-க்குப் பின்னும்கூட இந்த வண்டியை ஒரேயடியாக நிறுத்திவிட வேண்டும் என்று இரண்டு அரசுகளும் நினைக்கவில்லை.

2018 ஜூலையில் சிந்துவில் உறவினரைப் பார்க்கப் போன பார்மேர் மாவட்டத்து மூதாட்டி ஒருவர் அங்கேயே இறந்துபோனார். அவருடைய உடலைச் சொந்த மண்ணுக்குக் கொண்டுவர, ரயில் நாளாக இல்லாதபோதும் முனாபாவ் எல்லைக் கதவைத் திறந்தார்கள். இரு நாட்டு அதிகாரிகளும் பேசி முடித்து, எளிய குடும்பமொன்றுக்காகத் திறந்த கதவு அது. காகிதத்துக்கு அப்பால் மனிதரைப் பார்த்தால் எதுவும் முடியும் என்பதற்கு எனக்கு இதைவிடச் சான்று வேண்டாம்.

ஓராண்டு கழித்து, காஷ்மீரின் சிறப்புத் தகுதி நீக்கப்பட்டதை அடுத்து, பாகிஸ்தான் தார் எக்ஸ்பிரஸை நிறுத்துவதாக அறிவித்தது. இந்தியாவும் தன் பக்கத்து வண்டியை ரத்து செய்தது. அந்த ஆண்டுத் தொடக்கத்தில் சிந்துவில் திருமணம் முடித்துத் திரும்பிய மாப்பிள்ளைகள் சிலரின் மனைவிமார், இரண்டு ஆண்டு காத்திருந்து, வாகா வழியாகத்தான் இந்தியா வந்து சேர்ந்தார்கள். அமர்கோட்டிலிருந்து பார்மேருக்கு வர லாகூர், அட்டாரி, அமிர்தசரஸ் என்று ஆயிரத்து ஐந்நூறு கிலோமீட்டருக்கு மேல் சுற்று. பஹல்காம் படுகொலைக்குப் பின் 2025 ஏப்ரலில் அட்டாரியும் மூடப்பட்டபோது, பார்மேரிலிருந்து அமர்கோட்டுக்குக் கிளம்பிய ஒரு மாப்பிள்ளை வீட்டார் அட்டாரி வாசலிலேயே நின்றுவிட நேர்ந்தது. அடுத்த மாதம் இரு நாடுகளுக்கும் மோதல் மூண்டபோது பார்மேர் நகரமே இரவில் விளக்கணைத்து இருளில் உட்கார்ந்திருந்தது.

முனாபாவ் பார்த்த அன்று மாலை பார்மேருக்குத் திரும்பி, ஒரு மங்கணியார் குடும்பத்தின் வீட்டு முற்றத்தில் பாட்டுக் கேட்டேன். மங்கணியார்கள் முஸ்லிம்கள். அவர்களை ஆதரிக்கும் ஜஜ்மான்கள் பெரும்பாலும் ராஜபுத்திர இந்துக்கள். ஜஜ்மான் வீட்டுப் பிறப்பு, கல்யாணம், சாவு எல்லாவற்றுக்கும் பாட வேண்டியது இவர்கள் உரிமை. வம்சாவளியை மனப்பாடமாகச் சொல்வதும் இவர்கள்தான். நாட்டார் கலை ஆய்வாளர் கோமல் கோத்தாரி இவர்களைத் தேடித் தேடிப் பதிவு செய்திராவிட்டால் வெளியுலகுக்குத் தெரிந்திருக்காது. வீட்டுப் பெரியவர் கமாய்ச்சாவை மடியில் சாய்த்து வில்லை இழுத்தார். மாமரத்தில் குடைந்த வட்டக் குடம், மேலே ஆட்டுத்தோல், குடல் நரம்புத் தந்தி. முதலில் மீரா பஜனை. அடுத்து சிந்துவின் சூஃபிக் கவி ஷா அப்துல் லத்தீபின் வரிகள். ஒரே மூச்சில் ஒன்றிலிருந்து மற்றதற்குப் போனார். அவருடைய ஜஜ்மான் குடும்பம் ஒன்று எல்லைக்கு அந்தப் பக்கம் இருக்கிறது. “அவர்கள் வீட்டில் கல்யாணம் நடந்தால் நாங்கள் பாட வேண்டும். போக முடியவில்லை. பாட்டுக் கடன் நிற்கிறது” என்றார்.

பயங்கரவாதத்தின் வலி எனக்கும் தெரியும். பாதுகாப்பு முக்கியமில்லை என்று எந்த இந்தியனும் சொல்ல முடியாது. அதனால்தான் முனாபாவைச் சொல்கிறேன். இங்கே திறந்துவிட்ட எல்லை எதுவும் இருந்ததில்லை. வாரம் ஒரு வண்டி, பெயர் பெயராகச் சரிபார்த்த பயணிகள், இரண்டு முறை சாமான் சோதனை, பூட்டிய கதவு, காவல். கள்ளத்தனமாக வருகிறவனுக்கு இதைவிடக் கடினமான வழி கிடையாது. மூடியதால் தடைபட்டவர்கள் அக்காவும் தம்பியும், கலயமும் கங்கையும், பாடகரும் அவருடைய ஜஜ்மானும்தான். தார் எக்ஸ்பிரஸ் நின்ற மூன்றாவது மாதமே, 2019 நவம்பரில், அதே இரண்டு அரசுகள் சீக்கிய யாத்ரீகர்களுக்காகக் கர்த்தார்பூர் வழித்தடத்தைத் திறந்தன. பகை முற்றிய நேரத்திலும் ஒரு கதவைத் திறக்க முடியும் என்று அவையே காட்டின.

உறவுகள் மங்கும் முன் முனாபாவிலும் அதைச் செய்ய வேண்டும். அமர்கோட்டில் வாழ்க்கைப்பட்ட பெண்களின் பிள்ளைகள் வளர்ந்து, தாய்மாமன் முகத்தைப் போனில் மட்டுமே பார்த்த தலைமுறையாகிவிட்டால், பிறகு ரயில் விட்டாலும் ஏற ஆள் இருக்காது. ஸ்டேஷன் இருக்கிறது, தண்டவாளம் இருக்கிறது, கவுன்ட்டர்கள் இருக்கின்றன, நடைமுறையும் 13 ஆண்டு ஓட்டிப் பார்த்ததுதான். மாதம் ஒரு வண்டியானாலும் போதும். முதியவர்களுக்கும் மணமான பெண்களுக்கும் அஸ்தி கொண்டுவருகிறவர்களுக்கும் மட்டும் என்று தொடங்கினாலும் சரி, முனாபாவின் கதவை மறுபடி திறக்க வேண்டும்.